டெல்ஃபின் குபியாக் அமைதியாக இருந்தவள் அல்ல

எங்கள் பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை அச்சடிக்கிறது. இந்தக் கோடை இதழின் முப்பத்தொன்றாம் பக்கத்தில், கீழ் மூலையில், நன்கொடை விளம்பரத்துக்கு அடியில், டெல்ஃபினைப் பற்றி இரண்டு வரி வந்திருக்கிறது. "விளையாட்டுத் துறையின் சலவை அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அமைதியாகவும் பணிவாகவும் தொண்டாற்றிய திருமதி டெல்ஃபின் குபியாக் ஓய்வு பெற்றார்."

அமைதியாகவாம். பணிவாகவாம். இதை எழுதிய ஆள் ஒருநாளாவது அந்தப் படிக்கட்டில் இறங்கிப் பார்த்திருப்பானா? படித்ததும் பத்திரிகையை மேசையில் வீசினேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் லீலண்ட். அதே கோஸ்ட்கா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் இருபத்தாறு வருடமாக டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். என் ஜன்னலுக்கு நேர் கீழே, தரைக்கு அடியில், சலவை அறை. அவள் அங்கே வாயைத் திறந்தால் இங்கே வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை கூடைப்பந்துக் கோச்சையே வாசலில் நிறுத்தி, "உங்க பசங்க சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கிப் போட்டா, பந்தாவே துவைச்சுப் பந்தாவே தருவேன். ஈரத்தோட ஆடட்டும்" என்றாள். கோச்சின் சம்பளம் என்ன, அவளுடைய சம்பளம் என்ன. அவர் "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் ரயில் யார்டுக்குப் பக்கத்துப் போலந்துக்காரர் தெருவில் பிறந்தவள். அப்பாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. கணவன் ஸ்டான் லாரி ஓட்டினான்; டெக்சஸுக்குப் போனவன் ஓர் அஞ்சலட்டை போட்டான், அதோடு சரி. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த வாரமே சேசு சபைப் பாதிரிமார் நடத்தும் எங்கள் பல்கலைக்கழகத்தில் சலவை வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பதினாறு அணிகளின் துணியை அவள் ஒருத்தி துவைத்தாள். யார் துணி யாருடையது என்று குழம்பாமல் இருக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வீரனுக்கும் உள்ளங்கை நீளத்தில் ஒரு பித்தளை ஊக்கு. அதில் ஓர் எண் அடித்திருக்கும். பயிற்சி முடிந்ததும் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அந்த ஊக்கில் கோத்துக் கூடையில் போட வேண்டும். அப்படியே மொத்தமாகத் துவைந்து, காய்ந்து, மறுநாள் அதே எண்ணுள்ள ஆணியில் தொங்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவனிடமும் ஊக்கைக் கொடுக்கும்போது அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்.

"நாலு வருஷத்துக்கு இந்த நம்பர் உன்னோடது. வேற எவனுக்கும் தர மாட்டேன். தொலைச்சே, தோலை உரிச்சுருவேன்."

டினோ பரேதஸுக்கு அவள் கொடுத்தது நாற்பத்தேழாம் எண். தக்காளித் தோட்டத்து ஊரிலிருந்து வந்தவன், மல்யுத்தத்தில் ஆகக் குறைந்த எடைப் பிரிவு, நூற்றிருபத்தைந்து பவுண்டு. செவிலியர் படிப்பு. காலையில் ஐந்து மணிக்கு மல்யுத்த மெத்தையில் புரண்டுவிட்டு ஏழு மணிக்கு மருத்துவமனையில் நிற்பான். மல்யுத்தக் கோச் ஃபோக்ட் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவன் அம்மா போட்டுக் கொடுத்த தமாலே என்ற மெக்சிகோ சோளப் பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "நாலு வருஷம் உங்க பையன் எங்ககூட மல்லுக்கட்டுவான், நர்ஸாகி வெளிய வருவான்" என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்த பையன். கோச் அதை மனதாரத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

சலவை அறைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பல வருடங்களுக்கு முன் வளாகத்துச் சிற்றாலயத்தின் சலவை இயந்திரம் பழுதானபோது பீடத் துணிகள் இரண்டு பை கீழே வந்தன. புது இயந்திரம் வாங்குவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வாங்கவில்லை. பைகள் மட்டும் புதன்கிழமை தவறாமல் வந்தன. திருக்கிண்ணம் துடைக்கும் சின்னத் துணிகளை எடுத்த எடுப்பில் இயந்திரத்தில் போடக் கூடாது. பூசையில் கிறிஸ்துவின் திரு இரத்தமாகிற திராட்சை இரசம் பட்ட துணி. முதலில் கையால் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். முட்டி வலியோடு பதினெட்டுப் படி ஏறி, சரக்கு இறக்கும் வாசலுக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவு மண் தெரிகிற இடத்தில் அவள் ஊற்றிவிட்டு வருவாள். ஜனவரியில் மண் உறைந்து கிடக்கும், அப்போதும் ஊற்றுவாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"சாக்கடைலயே விட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ல? ஒழுங்கா செய்யலன்னா எதுக்குய்யா செய்யணும்?" என்றாள்.

சரி, இனி கோபத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, புது விளையாட்டு இயக்குநராகப் பிரென்ட் ஹாலக் வந்தார். எந்த நேரமும் பல் தெரியச் சிரிக்கிற மனிதர். வந்தவர் கூடைப்பந்தை மட்டும் பார்த்தார். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே சம்பளம் கொடுக்கலாம் என்று இப்போது விதி மாறிவிட்டதே, நல்ல உயரமான பையன்களைப் பிடிக்கப் போட்டியல்லவா? அதற்கு எதையாவது வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு ஆள் பார்த்தால், டிக்கெட் விற்காத மல்யுத்தம் கண்ணில் பட்டது. இதுவரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். வியாபாரி வியாபாரம் செய்கிறான். வெட்டுகிறோம் என்று நேரே சொல்லிவிட்டு வெட்டியிருந்தால் நாங்களும் நேரே திட்டிவிட்டுப் போயிருப்போம்.

ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் நேரே வெட்ட மாட்டார்கள். ஜெபம் செய்துவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் பல்கலைக்கழகத் தலைவர் ஃபாதர் கார்மொடியிடமிருந்து கடிதம் வந்தது. மல்யுத்த அணியின் எதிர்காலம் குறித்து 'தெளிந்து தேர்தல்' நடக்கும், மூன்று கூட்டங்கள், எல்லாரும் பேசலாம், ஆவியானவர் எங்கே அழைக்கிறார் என்று சேர்ந்து கேட்போம். தெளிந்து தேர்தல் என்பது சேசு சபையாருக்கு நானூறு வருடத்துக்கும் மேலான சொத்து. முன்முடிவு எதுவும் இல்லாமல், மனதைத் திறந்துவைத்து, கடவுள் என்ன சொல்கிறார் என்று கேட்பது. நான் அதை மதிக்கிறேன். மதிப்பதால்தான் எரிகிறது.

பையன்கள் அதை நம்பினார்கள். முதல் கூட்டத்துக்கு டை கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் கூட்டத்தில் டினோ எழுந்து, இரண்டு வாரத்துக்கு முன் இறுதிப் போட்டியில் ஒரே புள்ளியில் தோற்றதையும், இன்னும் ஒரே ஒரு வருடம் பாக்கியிருப்பதையும் சொன்னான். வேறு கல்லூரிக்குப் போனால் மருத்துவமனைப் பயிற்சி செல்லாது, படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கேயே இருந்தால் மல்யுத்தம் இல்லை. ஃபாதர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாலக் குறிப்பெடுப்பதுபோல் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவன் துணிக் கட்டோடு சலவை அறைக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மிஸ் டெல், ஃபாதர் தலையாட்டுனாரு. பாத்தீங்களா? நான் பேசறப்ப ரெண்டு தடவை."

"ஆட்டட்டும். பந்தயக் குதிரையும்தான் ஆட்டுது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. ஜெபம் பண்ணித்தானே முடிவு பண்றாங்க. ஜெபத்துல போய்ப் பொய் சொல்லுவாங்களா?"

டெல்ஃபின் கட்டை வாங்கிக்கொண்டாள். அவன் ஊக்கில் காலுறை சரியாகக் கோத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

மூன்றாவது, கடைசிக் கூட்டம் மறு புதன்கிழமை நாலு மணிக்கு. அன்று காலை வழக்கம்போல் ஆலயப் பை வந்தது. மெழுகு சிந்திய பீடத் துணியை ஆலயத்துப் பிள்ளைகள் வெறுமனே மடிக்க மாட்டார்கள். மெழுகு மற்றதில் ஒட்டாமல் இருக்க, நடுவில் வேண்டாத தாள்களை வைத்து மடிப்பார்கள். வேண்டாத தாள் என்றால் ஞாயிற்றுப் பூசையில் எல்லாருக்கும் கொடுக்கும் திருப்பலித் தாள்களில் பழையவைதான். டெல்ஃபின் அவற்றை உரித்தெடுத்துவிட்டு, இஸ்திரி போட்டு மெழுகை எடுப்பாள். அன்று உரித்தபோது தாள் பச்சையாக இருந்தது; மேலே வரும் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. தவக்காலத்தில் ஊதாத் தாளில் அடிப்பதுதான் எங்கள் வழக்கம். யாரோ தவறுதலாகப் பச்சையில் அடித்து, வீணென்று ஒதுக்கி, மெழுகுக்கு வைத்துவிட்டார்கள். ஆக, இது பழைய தாள் அல்ல. இனி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையின் தாள்.

அவள் படியேறி என் ஜன்னலுக்கு வந்தாள். தாளை நீட்டி, விரலை வைத்துக் காட்டினாள். விசுவாசிகள் மன்றாட்டு, மூன்றாவது.

"நம்மிடையே தங்கள் பயணத்தை நிறைவு செய்துள்ள நமது மல்யுத்த அணியினருக்காக: இந்த இழப்பின் வேளையில் அவர்கள் ஆறுதலையும் புதிய வழிகளையும் கண்டடைய வேண்டுமென்று, ஆண்டவரை மன்றாடுவோம்."

இரண்டு முறை படித்தேன். கூட்டம் நடக்கவே இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

"கருமாதிக்குச் சாப்பாடு சொல்லிட்டு, வைத்தியம் பாக்கலாம் வாங்கன்னு கூப்புடறானுங்க, லீலண்ட்."

"டெல், இத யாருக்கும் காட்டாத. பென்ஷனுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு உனக்கு."

"உனக்கு எத்தன இருக்கு?"

"மூணு."

"அதான் பயப்படற. பயப்படு. நான் ஒண்ணும் சொல்லல." தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பையன் ஜெபத்துல பொய் சொல்லுவாங்களான்னு என்கிட்ட கேட்டான்யா."

கூட்டம் ஆலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில். நூற்றைம்பது பேர் இருப்போம். சுவரில், எங்கள் வளாகத்தின் எல்லாச் சுவரிலும் தொங்குகிற அதே பதாகை: 'முழு மனிதர்மேல் அக்கறை'. மல்யுத்தப் பையன்கள் மூன்று வரிசை, இந்த முறையும் டையோடு. ஃபாதர் கார்மொடி ஐந்து நிமிட மௌன ஜெபத்தோடு தொடங்கினார். ஹாலக் நன்றி சொன்னார். ஏழெட்டுப் பேர் பேசினார்கள். கோச் ஃபோக்ட் பேச வந்து, பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏப்ரனோடு டெல்ஃபின் மைக் முன்னால் போய் நின்றாள்.

"ஃபாதர், எனக்கு ஒரே ஒரு கேள்வி. முடிவு எடுத்தாச்சா?"

ஃபாதர் கனிவாகச் சிரித்தார். "இல்ல, டெல்ஃபின். அதுக்குத்தானே கூடியிருக்கோம். நாங்க இன்னும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"மிஸ்டர் ஹாலக், நீங்க?"

"ஃபாதர் சொன்னதுதான்ங்க. எதுவும் முடிவாகல."

"சரி. அப்படின்னா நான் ஒரு ஜெபம் சொல்லலாமா? ஜெபத்தோட தொடங்கினீங்க, நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்."

"தாராளமா," என்றார் ஃபாதர். கையைக் கூப்பித் தலை குனிந்தார். கூடமே குனிந்தது.

டெல்ஃபின் பச்சைத் தாளைப் பிரித்தாள். எங்கள் பங்குக் கோயிலில் முப்பது வருடமாக வாசகம் வாசிக்கிறவள். திக்காமல், நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். நம்மிடையே தங்கள் பயணத்தை நிறைவு செய்துள்ள நமது மல்யுத்த அணியினருக்காக. ஆறுதலையும் புதிய வழிகளையும் கண்டடைய வேண்டுமென்று. ஆண்டவரை மன்றாடுவோம்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

கூடம் முழுக்கச் சொன்னது. பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் சொல்லிப் பழகிய வாய். 'மன்றாடுவோம்' என்று காதில் விழுந்தால் தானாகத் திறக்கும். ஃபாதர் கார்மொடியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே ஒலித்தது. ஹாலக் சொன்னார். கோச் சொன்னார். டை கட்டிய மூன்று வரிசைப் பையன்களும் சொன்னார்கள். தாங்கள் புதைக்கப்படுவதற்குத் தாங்களே ஆமென் போட்டார்கள். நானும் சொன்னேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருந்தும் சொன்னேன். அந்த அவமானம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகுதான் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. என்ன சொன்னோம் என்பது மெதுவாக உறைத்தது.

"இது நான் எழுதின ஜெபம் இல்ல," என்றாள் டெல்ஃபின். "வர்ற ஞாயித்துக்கிழமை பூசைக்கு நீங்க அச்சடிச்சது. தேதி போட்டிருக்கு. இன்னிக்குக் காலைல மெழுகுத் துணிக்குள்ள இருந்து எடுத்தேன்." தாளை ஃபாதர் முன்னாலிருந்த மேசையில் வைத்தாள். "செத்துப்போச்சுன்னு ஜெபம் எழுதி வெச்சுட்டு, பிழைக்குமான்னு இந்தப் பிள்ளைங்களை மூணு தடவை வந்து கெஞ்ச வெச்சீங்களே, ஃபாதர். அந்தப் பையன் தன் வாழ்க்கைய எடுத்து உங்க முன்னால வெச்சான். தலையாட்டுனீங்களே! வெட்கமா இல்ல?"

ஹாலக் எழுந்து, "இது ஏதோ நிர்வாகக் குழப்பம்—" என்று தொடங்கினார்.

"நீ உட்காரு. உன்கிட்ட நான் எதையும் எதிர்பாக்கல," என்றாள்.

யாரும் கை தட்டவில்லை. டினோ மட்டும் எழுந்து, டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள்.

இதற்குப் பிறகு மனம் மாறினார்கள், அணியைக் காப்பாற்றினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கிழமை, திட்டமிட்ட அதே நேரத்தில், அறிவிப்பு வந்தது. 'ஆழ்ந்த ஜெபத்துக்குப் பிறகு' என்று தொடங்கியது அது. ஒன்றே ஒன்றுதான் மாறியது: ஞாயிற்றுக்கிழமையின் ஊதாத் தாளில் மூன்றாவது மன்றாட்டு மழைக்காக இருந்தது. மார்ச் மாதம், ஏரி கரைதொட்டு நிற்கிறது, மழைக்காக!

அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் பார்த்திருந்ததால் பயந்திருப்பார்கள். அடுத்த புதன்கிழமை ஃபாதர் கார்மொடியே பதினெட்டுப் படி இறங்கி வந்தார். பத்து வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"டெல்ஃபின், நான் வேணும்னு பொய் சொல்லல. நிர்வாகக் குழு முன்னாடியே ஒரு பக்கம் சாஞ்சிருந்தாங்க. ஆனாலும் நான் உண்மையாவே திறந்த மனசோடதான்—"

"ஃபாதர், நீங்க பாவசங்கீர்த்தனம் கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா? சொல்ல வந்தீங்கன்னா நான் ஆள் இல்ல. அந்தப் பையனுங்க முப்பத்தோரு பேர் இருக்காங்க, அவங்க அறைக் கதவ தட்டுங்க."

அவள் ஆலயப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இனி இத நான் துவைக்கல. முதல் தண்ணி மண்ணுலதான் விழணும், மறந்துராதீங்க. அத ஒழுங்கா செய்யறதுக்கு உங்க ஆளுங்கள்ல ஒருத்தரையாவது தேடிக் கண்டுபிடிங்க."

அவர் எந்தக் கதவையும் தட்டவில்லை. எனக்குத் தெரியும், டினோவிடம் கேட்டேன்.

பையன்களில் பாதிப் பேர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். டினோ போகவில்லை. செவிலியர் படிப்பை விட்டுவிட்டு எங்கே போவான்? இலையுதிர் காலத்தில் மல்யுத்த அறையின் மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டுக் கூடைப்பந்துக்காரர்களுக்குச் சாய்வு நாற்காலி போட்டார்கள். டினோ வேடிக்கை பார்ப்பதுபோல் அந்த வழியாகப் போவான். எடை ஏறிவிட்டது. சிரிப்பு குறைந்துவிட்டது.

விளையாட்டு அணியில் இல்லாதவர்களின் துணியைத் துவைக்கக் கூடாதென்று ஹாலக் எழுத்தில் உத்தரவு போட்டார். டெல்ஃபின் அந்தத் தாளை மெழுகுத் துணிக்கு வைக்க உதவும் என்று ஆலயத்துக்கு அனுப்பிவைத்தாள். அந்த வருடம் முழுக்க, நாற்பத்தேழாம் எண் ஆணியில், மருத்துவமனையின் நீலச் சீருடை துவைத்து மடிப்பு எடுத்துத் தொங்கியது. மீதியிருந்த மற்ற பையன்களின் ஆணிகளும் காலியாக இல்லை. கேட்டதற்கு, "நாலு வருஷம்னு சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான். ஓய்வுக்கு விண்ணப்பித்தபோதும், அடுத்த மே மாதம், அவன் பட்டம் வாங்கும் வாரத்தைத்தான் குறித்துக் கொடுத்தாள். மற்றவர்களின் ஆணிகளை அடுத்து வருகிறவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்தாள்.

பட்டமளிப்பு எங்கள் அரங்கில்தான் நடந்தது. நான் கதவருகே அனுமதிச் சீட்டுக் கிழித்துக்கொண்டு நின்றேன். கறுப்பு அங்கிமேல் பிள்ளைகள் பதக்கமும் வண்ணக் கயிறும் தொங்கவிட்டிருந்தார்கள். மல்யுத்த அணியில் மிச்சமிருந்த கடைசி வருடப் பையன்கள் நான்கு பேர். நான்கு பேர் நெஞ்சிலும் பித்தளை ஊக்கு. டினோவின் முறை வந்தது. ஃபாதர் கார்மொடி கை கொடுத்தார். மேடை மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"இது என்னப்பா?"

"ஊக்கு, ஃபாதர். நாலு வருஷம்னு இந்த காலேஜ் எனக்குச் சொன்னதுல, நாலு வருஷமும் நின்னது இது ஒண்ணுதான்."

ஃபாதர் கையை விடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேல் வரிசையில் டெல்ஃபின் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கைகுலுக்கல் படம் இதே கோடை இதழின் நான்காம் பக்கத்தில் பெரிதாக வந்திருக்கிறது. டினோ இருக்கிறான், ஃபாதர் இருக்கிறார், ஊக்கு இல்லை. கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார்கள்.